நானும் ஒரு வீட்டுக்காரன்

நமது சங்கத்துக் கூட்டங்களில் இரண்டு குடும்பத்தார் புதிதாகச் சந்தித்துக்கொண்டால், சொந்த ஊர் எது என்ற விசாரணைக்கு அடுத்தபடியாக வருவது, "ஜாகை எங்கே? சொந்தமா, வாடகையா?" என்ற கேள்விதான். மும்பைப் பக்கம் பிழைக்க வந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். அதற்கு நான் மூன்று விதமாகவும் விடை சொல்லியிருக்கிறேன். 2001 வரை வாடகை வீடு; அதன்பின் டோம்பிவிலியில் சொந்த வீடு; 2017 முதல் கல்யாணில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசம், சொந்த வீட்டில் வேறொருவர் குடித்தனம். இந்த மூன்றாம் நிலையைப் பற்றித்தான் எழுதத் துணிந்தேன். குடியிருப்பவர் படும் பாட்டைப் பலரும் எழுதியாயிற்று. வீட்டுக்காரன் தன் பக்கத்துக் கணக்கைத் தானே அவிழ்த்துக் காட்டுவது குறைவு.

சிறு வயதில் எனக்கு "வீட்டுக்காரர் வருகிறார்" என்ற சொல்லே போதும், கையிலிருக்கும் பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு ஓரமாக நின்றுவிடுவேன். டோம்பிவிலியில் அந்நாளில் பதினொரு மாதத்துக்கு ஒரு முறை பத்திரம் எழுதுவார்கள். சில வேளை புதுப்பிப்பார்கள், சில வேளை மூட்டை கட்டச் சொல்வார்கள். 1996-இல் ஒரு வீட்டைக் காலி செய்தோம். எனக்கு வயது ஏழு. என் தகப்பனார் கொடுத்திருந்த 5,000 ரூபாய் டெபாசிட்டில் 1,800 ரூபாயை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். சுவாமி படங்களுக்காக அம்மா சுவரில் ஆணி அடித்திருந்தாளாம்; விளக்குப் புகை படிந்திருந்ததாம். அப்பா ஒன்றும் பேசாமல் மீதியை எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கடுத்த வீட்டில் ஐந்து வருஷம் இருந்தோம். அந்த ஐந்து வருஷமும் முருகன் படம் அலமாரித் தட்டில் சாய்த்தேதான் வைக்கப்பட்டிருந்தது. காலண்டர் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கியது. 2001-இல் சேமநிதிக் கடன் வாங்கி ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டைச் சொந்தமாக வாங்கியபோது, பால் காய்ச்சுவதற்கு முன்னால் அப்பா செய்த முதற் காரியம் சுவரில் ஓர் ஆணி அடித்ததுதான்.

அப்பா 2016-இல் காலமானார். வீடு அம்மா பெயருக்கு மாறியது. மறு வருஷம் எனக்குக் கல்யாணில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடி பெயர்ந்தோம். குவார்ட்டர்ஸில் இருப்பவனுக்கு வீட்டு வாடகைப்படி கிடையாது. டோம்பிவிலி வீட்டுக்கோ ஆள் இல்லாவிட்டாலும் சொஸைட்டி பராமரிப்புத் தொகையும் நகராட்சி வரியும் கட்டியாக வேண்டும். "நீ சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விட்டால் என்ன?" என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். அது வேலைக்கே உலை வைக்கும் காரியம். அரசாங்கக் குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விடுவது விதிப்படி குற்றம். பிடிபட்டால் குவார்ட்டர்ஸும் போய் ஒழுங்கு நடவடிக்கையும் வரும். ஆகவே 2018-இல் டோம்பிவிலி வீட்டை வாடகைக்கு விடுவதென்று முடிவாயிற்று. வாடகை அம்மாவின் கைச்செலவுக்கும் மருந்துக்கும் என்று நானே சொன்னேன். ஆக, பத்திரப்படி வீட்டுக்காரி என் தாயார். குடித்தனக்காரர் வாயில் விழும் வீட்டுக்காரன் நான்.

இங்கே சட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுவது நம் அன்பர்களுக்கு உதவும். மகாராஷ்டிரத்தில் வீட்டுக்காரர்களுக்கு உள்ள பயம் பழைய பயம். 1947-ஆம் வருஷத்து பம்பாய் வாடகைச் சட்டம் பழைய குடித்தனக்காரர்களுக்குப் பலத்த பாதுகாப்புக் கொடுத்தது. வாடகையை 1940-ஆம் வருஷத்து அளவோடு கட்டிப் போட்டது. அதிலிருந்து தப்பிக்க, "வாடகை அல்ல, தங்கிக்கொள்ள அனுமதி மட்டுமே" என்று எழுதி வாங்கும் வழக்கம் வந்தது. அதுதான் லீவ் அண்டு லைசென்ஸ். ஆனால் 1973 பிப்ரவரி 1-ஆம் தேதி அப்படி அனுமதியின்பேரில் குடியிருந்தவர்களையும் சட்டம் திருத்தி வாடகைதாரர்களாகவே ஆக்கிவிட்டார்கள். அன்று வீட்டை இழந்ததாக நினைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இன்றும் அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். 1999-ஆம் வருஷத்துச் சட்டம், 2000 மார்ச் 31 முதல் அமலுக்கு வந்தது, நிலைமையை மாற்றிவிட்டது. இப்போது பத்திரத்தை எழுதி ரிஜிஸ்டர் செய்தாக வேண்டும். பதினொரு மாதம்தானே, ரிஜிஸ்டர் எதற்கு என்று எண்ணுகிறவர்கள் நம்மிலும் உண்டு, அது பிசகு. ரிஜிஸ்டர் செய்வது வீட்டுக்காரன் பொறுப்பு. செய்யாமல் தகராறு வந்தால், வேறு சாட்சியம் காட்டி மறுக்கும்வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைதான் செல்லும்; வீட்டுக்காரனுக்கு மூன்று மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. செலவோ பெரிதல்ல. மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்குப் பத்து சதவிகித வட்டியையும் கூட்டி, அதில் கால் சதவிகிதம் முத்திரைத் தீர்வை. எங்களுக்கு அது இருநூறு ரூபாய்க்கு மிகவில்லை. நகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தகவல் கொடுத்துவிட வேண்டும்.

சொஸைட்டியார், சொந்தக்காரர் குடியிருக்காத வீடு என்று தனியாக ஒரு கட்டணம் வசூலிப்பார்கள். அது சேவைக் கட்டணத்தில் பத்து சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாதென்று 2001 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அரசாங்க ஆணை இருக்கிறது. எங்கள் சொஸைட்டியில் முதலில் மூன்று மடங்கு போட்டார்கள். ஆணையின் நகலைக் காட்டியதும் குறைத்துக்கொண்டார்கள். ரயில்வே குமாஸ்தாவுக்கு நகல் எடுப்பது கைவந்த கலை.

நிற்க. தரகர் அழைத்து வந்தவர் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பக்கத்துக்காரர். உல்லாஸ்நகரில் ஒரு தையற் பட்டறையில் துணி வெட்டும் வேலை. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். வாடகை 6,000, டெபாசிட் 30,000 என்று பேசினோம். நான் அவரை எத்தனை கேள்வி கேட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஊரிலிருந்து எத்தனை பேர் வந்து தங்குவார்கள்? என்ன சமைப்பீர்கள்? குழந்தைகள் சுவரில் எழுதுமா? அவர் ஒவ்வொன்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் தகப்பனாரிடம் இதே கேள்விகளை வேறு பாஷையில் கேட்டிருக்கிறார்கள். அப்போது நான் அவர் வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். ஆனால் அன்று அது நினைவுக்கு வரவில்லை.

ரிஜிஸ்டர் செய்ய விரல் ரேகைக் கருவியோடு ஓர் ஆள் வீட்டுக்கே வந்தார். அம்மாவின் கட்டைவிரலைக் கருவி ஏற்கவில்லை. ஐந்து தடவை வைத்துப் பார்த்தார். "அம்மாவுக்கு ரேகை தேய்ந்துவிட்டது" என்றார் அவர். நாற்பது வருஷம் பாத்திரம் துலக்கிய கை. ஆறாவது தடவை ஈரத் துணியால் துடைத்து இடது கை விரலை வைத்தபின்தான் பச்சை விளக்கு எரிந்தது.

முதல் இரண்டு வருஷம் குறை சொல்ல இடமில்லை. மாதம் ஐந்தாம் தேதி பணம் வந்துவிடும். 2019 ஜூலையில் பத்திரத்தைப் புதுப்பித்து வாடகையை 6,500 ஆக்கினோம். அந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பணம் வருகிற வீட்டை யார் போய்ப் பார்ப்பார்கள்?

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. உல்லாஸ்நகர்ப் பட்டறை மூடப்பட்டது. ஏப்ரல் வாடகை வரவில்லை. ஏப்ரல் 17-ஆம் தேதி மகாராஷ்டிர அரசாங்கத்தின் வீட்டு வசதித் துறை, வாடகை வசூலைக் குறைந்தது மூன்று மாதம் தள்ளி வைக்க வேண்டும், யாரையும் வெளியேற்றக் கூடாது என்று அறிவித்தது. தள்ளி வைக்கச் சொன்னார்களேயன்றித் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை என்பதை நான் கவனமாகப் படித்து வைத்துக்கொண்டேன். மே மாதம் அவர் போன் செய்தார். வாடகையைப் பற்றி அல்ல. சிரமிக் ரயிலில் நாலு பேருக்கு இடம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். நான் ரயில்வேக்காரன் அல்லவா! அந்த வண்டிகளுக்குப் பயணிகள் பட்டியல் தயாரிப்பது மாநில அரசாங்கத்தின் அதிகாரிகள். ரயில்வேயிடம் டிக்கெட் கேட்டு வாங்க வழியில்லை என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது, உண்மையைச் சொன்ன திருப்தி எனக்கு இல்லை. அவர்களே போலீஸ் ஸ்டேஷனில் பெயர் கொடுத்து, மே மூன்றாம் வாரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சாமான்கள் உள்ளே, வீடு பூட்டிக் கிடந்தது.

மே 31-ஆம் தேதியோடு பத்திரத்தின் காலம் முடிந்தது. இதன்பின் எங்கள் வீட்டில் தினமும் இதே பேச்சுதான். எனக்குச் சம்பளம் நிற்கவில்லை. ஆகவே அவர்கள் ஊரிலிருந்த மாதங்களுக்கு வாடகையே வேண்டாம் என்பது என் கட்சி. தயாள குணம் காட்டுவது எனக்குச் சுலபம், பணம் அம்மாவுடையது. அம்மா ஒப்பவில்லை. "உங்கப்பாவுக்குக் கம்பெனி ஆறு மாசம் கதவடைத்தபோது நாம் வாடகை கொடுக்காத மாசம் உண்டா? என் வளையலைக் கேட்டுப் பார், சொல்லும்" என்றாள். "வீட்டில் அவர்கள் சாமான் இருக்கிறது. இன்னொருவருக்கு விட முடியாது. சொஸைட்டிக்கு நான்தானே கட்டுகிறேன்?" அவள் சொன்னதில் பிழையில்லை. வீட்டுக்காரன் என்றால் மாடி மேல் மாடி கட்டியவன் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. ஒரே ஓர் அறையை விட்டு, அந்த வாடகையில் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்கும் கைம்பெண்ணும் வீட்டுக்காரிதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அனுமதிக் காலம் முடிந்தபின் வீட்டை ஒப்படைக்காதவரிடம் வாடகையைப் போல் இரு மடங்கு நஷ்ட ஈடு கேட்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் போதும், ரிஜிஸ்டர் ஆன பத்திரமே முடிவான சாட்சி. செப்டம்பர் மாதம் ஓர் இரவு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். மாதம் 13,000 வீதம் நாலு மாதத்துக்கு 52,000. மனுக் கொடுக்கும் எண்ணம் எனக்குக் கிடையாது. இருந்தும் அந்தத் தொகையைக் கூட்டிக் கீழே கோடு போட்டபோது ஒரு சுகம் இருந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

நவம்பரில் அவர் மட்டும் திரும்பி வந்தார். பட்டறையில் பாதிச் சம்பளத்துக்கு வேலை. நவம்பர், டிசம்பர் வாடகையை முழுதாகக் கொடுத்தார். அதற்குமேல் தாங்காது, சிறிய அறை பார்த்துக்கொள்கிறேன் என்றார். டிசம்பர் 31 அன்று கணக்கு முடிக்க உட்கார்ந்தோம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதத்துக்குப் பாதி வாடகை என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அது 22,750 ரூபாய். டெபாசிட் 30,000-இல் அதைக் கழித்தால் மீதி 7,250. அதைக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் புகை. கூடத்தில் ஒரு குழந்தையின் உயரம் வரைக்கும் ஹிந்தி எழுத்துக்கள். ஆணிகள், எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. "சாதாரணத் தேய்மானம் நீங்கலாக, பெற்றுக்கொண்ட நிலையிலேயே திரும்ப ஒப்படைக்க வேண்டும்" என்று பத்திரத்தில் இருக்கும். எது சாதாரணம், எது அசாதாரணம் என்று எந்தப் பத்திரமும் சொல்வதில்லை. அதை வீட்டுக்காரன் சொல்லிவிடுகிறான், ஏனெனில் பணம் அவன் கையில் இருக்கிறது. பெயிண்டுக்கு 6,000 பிடித்தேன். பாதி வாடகை விட்டுக் கொடுத்தவனுக்கு இவ்வளவு உரிமை இல்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 1,250 ரூபாயை அவர் எண்ணாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஹிஸாப் பூரா" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அம்மாவிடம் வாடகைப் பாக்கியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

ஜனவரியில் பெயிண்டரை அழைத்துப் போனபோது, கீழ் வீட்டு மராத்தி அம்மையார் படியேறி வந்தார். காக்கூ என்றுதான் நாங்கள் அழைப்பது. என்னைச் சிறு வயதிலிருந்து தெரியும். குளியலறையை மட்டும் உடைத்துவிடாதே, இப்போதுதான் என் கூரை ஒழுகாமல் இருக்கிறது என்றார். என்ன ஒழுக்கு என்று கேட்டேன். 2019 ஜூனில் குளியலறையின் நஹானி டிராப் விரிசல் விட்டு அவர் வீட்டுக் கூரையில் நீர் இறங்கியதாம். எனக்குப் போன் செய்வதாக அவர் சொன்னபோது, குடித்தனக்காரரும் அவர் மனைவியும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்களாம். பத்திரம் புதுப்பிக்கும் மாதம். ரிப்பேர் என்று சொன்னால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். கொத்தனாரைக் கூப்பிட்டுத் தளக்கல்லைப் பெயர்த்து, டிராப்பை மாற்றி, நீர் கசியாத பூச்சும் போட்டு, 9,000 ரூபாய் தம் கையிலிருந்து செலவழித்திருக்கிறார். கொத்தனார் காக்கூவுக்குத் தெரிந்தவர்தான். தொகையை அவரே உறுதிப்படுத்தினார்.

அது வீட்டுக்காரன் செய்ய வேண்டிய ரிப்பேர். கணக்கு முடித்த அன்று அவர் அதை ஏன் சொல்லவில்லை என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நினைத்துக்கொண்டேன். ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவனிடம் யார் சொல்வார்கள்?

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுக்கு விஷயத்தை அமைதியாகக் கேட்டாள். பெயிண்டுக்கு 6,000 பிடித்ததைச் சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆணிக்கா பிடித்தாய்?"

"ஆணிக்கு மட்டும் இல்லையம்மா..."

"ஆணிக்குமா பிடித்தாய்?" என்றாள் மறுபடியும். அதற்குமேல் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பாங்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

மறுநாள் 15,000 ரூபாயை அவர் கணக்குக்கு அனுப்பினேன். பிறகு போன் செய்தேன். "கணக்குத்தான் முடிந்துவிட்டதே, சாஹப்?" என்றார். டிராப்பைப் பற்றிச் சொன்னேன். சிறிது மௌனமாக இருந்துவிட்டு, "மாதாஜி சௌக்கியமா?" என்று கேட்டார். நான் மன்னிப்புப் போல ஏதோ சொன்னேன். வண்டிச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. அவர் குடும்பம் மார்ச்சில் திரும்பி வந்ததாகப் பிறகு காக்கூ சொன்னார்.

2021 ஜூனில் வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்தது. நாந்தேட்டைச் சேர்ந்தவர்கள், மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இம்முறை பத்திரத்தோடு ஒரு பட்டியலும் சேர்த்தேன். குழாய்கள், மின்விசிறி, ஜன்னல் கண்ணாடி, நஹானி டிராப் எல்லாவற்றின் நிலையையும் இருவரும் சேர்ந்து பார்த்து எழுதி, படம் எடுத்து, கையெழுத்திட்டோம். ரிப்பேர் என்று எதைச் சொன்னாலும் அதைக் காரணமாக வைத்து வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டோம் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன். அப்படி யாரும் எழுதுவதில்லை என்று தரகர் சிரித்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நானே போய்ப் பார்த்து வருகிறேன். பார்க்கப் போனால் ஏதாவது ஒரு குழாய் சொட்டத்தான் செய்கிறது.

அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு தச்சரை அழைத்து, கூடத்தில் ஆறும் சமையலறையில் இரண்டுமாக எட்டு ஆணிகள் அடித்து வைத்தேன். அதில் ஒன்று அப்பா அடித்த பழைய ஆணியின் துளையிலேயே விழுந்தது. சாவி கொடுத்த அன்று அந்த நர்ஸ் அம்மாள் தயங்கித் தயங்கி, கடிகாரத்துக்கு இன்னும் ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த ஒன்பதாவது ஆணி இன்னும் பட்டியலில் ஏறவில்லை. அடுத்த புதுப்பிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.